மலைப்பாதையும் ஜாக்கியும்

வட்டவளையில் மழைக்குக் காலநேரம் பார்க்கும் வழக்கமில்லை. தென்மேல் பருவக்காற்று வைகாசித் திங்களில் கடலிலிருந்து எழுந்து வந்து முதலில் மோதும் உயர்ந்த சரிவுகளுள் இவ்வூர்ச் சரிவும் ஒன்று. இத்தீவில் மிகுந்த மழை பெறும் இடங்களை எண்ணுவோர் வட்டவளையை விடுவதில்லை. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை பொழியும் பகுதி இது. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் பெருஞ்சாலை இம்மழையை ஒருவாறு தாங்கிக்கொள்கிறது. அதிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்குள் செல்லும் கிளைப்பாதைகளின் நிலை வேறு. ஒரு புறம் மலை. மறு புறம் பள்ளம். மலையோரமாக நீர் ஓடுவதற்கு வெட்டிய கான். எதிரே வரும் லொறிக்கு வழிவிட ஒதுங்கும் வண்டியின் சக்கரம் அந்தக் கானுக்குள் இறங்கிவிட்டால், அச்சு மண்ணில் படிந்துவிடும். பின்னர் இயந்திரம் எத்துணை உறுமினாலும் வண்டி அசையாது.

அவ்வாறு படிந்த வண்டியை நம் மலைநாட்டார் எப்படித் தூக்கினர் என்பதையே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன். இஃது அற்பமான பொருள் எனச் சிலர் எண்ணக்கூடும். தேயிலையின் வரலாற்றை எழுதினோர் ஏக்கர்க் கணக்கை எழுதினர். ஏற்றுமதிக் கணக்கை எழுதினர். புகையிரதம் நாவலப்பிட்டிக்கு 1874ஆம் ஆண்டிலும் ஹட்டனுக்கு 1884ஆம் ஆண்டிலும் வந்ததென எழுதினர். கானில் விழுந்த வண்டிக்கு அடியில் முழந்தாளிட்டவர்களைப் பற்றி எழுதியவர் அரியர். நான் பொறியியல் கற்றவனல்லன். வரலாறும் தமிழும் கற்று, பள்ளிக்கூடத்தில் பணிசெய்பவன். எனினும் தோட்டத்துச் சாரதி ஒருவரின் அடுத்த வீட்டில் வளர்ந்தவன். அவரை நாங்கள் 'மாமா' என்றே அழைப்போம். இன்று நான் சொல்லப்போவதில் ஒரு பாதி நூல்களிற் கற்றது. மறு பாதி அவரிடம் கேட்டது.

பாரம் தூக்குவதற்கு மனிதன் கண்ட முதற் கருவி ஒரு கழி. கல்லொன்றை அணைகொடுத்துக் கழியின் நுனியைப் பாரத்தின் கீழ்ச் செருகி மறு நுனியை அழுத்தினால் பாரம் எழும்புகிறது. இதன் கணக்கைக் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வகுத்துக் காட்டினார். கணக்கறியாத காலத்திலும் எல்லா நாட்டு மக்களும் இதனைக் கையாண்டே வந்துள்ளனர். தமிழகத்தில் கடப்பாரை என்பதை நாம் இலங்கையில் அலவாங்கு என்கிறோம் அன்றோ? அது போர்த்துக்கேயச் சொல். அம்மொழியில் அதன் பொருளே நெம்புகோல் என்பதுதான். 1505ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்தவர்கள் கோட்டைகளையும் விட்டுச்சென்றனர். இந்தச் சொல்லையும் விட்டுச்சென்றனர். கோட்டைகள் இடிந்தன. அலவாங்கு இன்றும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது.

கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்கக் காலத்திலும் பாரமெல்லாம் தலையிலும் மாட்டு வண்டியிலும் சென்றன. வண்டி சேற்றில் புதைந்தால் மூட்டைகளை இறக்கிவைத்து, இருவர் மூவர் அச்சுக்கு அலவாங்கு கொடுத்து உயர்த்த, ஒருவர் சக்கரத்தின் கீழ்க் கல் அடைப்பார். மாட்டு வண்டிக்கு இவ்வளவே போதும். அதன் எடை மனிதத் தோள்களின் ஆற்றலுக்கு உட்பட்டது. மோட்டார் வண்டி வந்தபின்னரே தோளும் கழியும் போதாவாயின.

மேல்நாட்டில் இதற்கான பொறி பல படிகளில் உருவாயிற்று. திருகாணியைச் சுழற்றிப் பாரத்தை உயர்த்தும் பொறியின் படம் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வில்லார் த ஒன்னெகூர் என்னும் பிரெஞ்சுக்காரரின் குறிப்பேட்டில் உண்டு. நீரின் அழுத்தத்தால் பெரும் விசையை உண்டாக்கும் முறைக்கு ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் 1795இல் உரிமை பெற்றார். அம்முறையைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பொறியாக்கி 1851இல் நியூயார்க்கில் உரிமை பெற்றவர் ரிச்சர்ட் டஜன். லொறிகளில் நாம் காணும் போத்தல் வடிவ ஜாக்கி அதன் வழிவந்தது. ஜாக் என்பது ஆங்கிலத்தில் ஜான் என்னும் பெயரின் செல்ல வடிவம். ஏவல் செய்யும் சாதாரண ஆளுக்கும் அப்பெயர் வழங்கிற்று. ஆள் செய்துவந்த வேலையைப் பொறி செய்யத் தொடங்கியபோது ஆளின் பெயரே பொறிக்கு ஒட்டிக்கொண்டது. நம் தமிழ் வழக்கில் அது ஜாக்கி ஆயிற்று.

போத்தல் ஜாக்கிக்கு ஒரு குறை உண்டு. அதனை அச்சின் கீழே வைக்க இடம் வேண்டும். அச்சே மண்ணில் கிடக்கும்போது எங்கே வைப்பது? இங்கேதான் பம்பரைப் பிடித்துத் தூக்கும் உயரமான ஜாக்கியின் தேவை எழுகிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் புளூம்ஃபீல்டு என்னும் ஊரில் 1905ஆம் ஆண்டில் பிலிப் ஜான் ஹாரா என்பவர் இத்தகைய பொறி ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ நான்கடி உயரமுள்ள இரும்புக் கம்பம். அதில் வரிசையாகத் துளைகள். கைப்பிடியை மேலும் கீழும் ஆட்ட, இரண்டு முளைகள் மாறிமாறித் துளைகளில் புகுந்து மேலே ஏறும். ஏணியில் ஒரு காலை ஊன்றி மறு காலை எடுத்துவைத்து ஏறுபவனை நினைத்துக்கொண்டால் அதன் இயக்கம் விளங்கிவிடும். முளைகளோடு சேர்ந்து ஏறும் நாக்கு ஒன்று வண்டியைத் தூக்கும். வேலி இழுக்கவும் மரவேர் பிடுங்கவும் உழவர்க்கு உதவிய அக்கருவியே பின்னர்க் காட்டுவழி செல்லும் வண்டிகளுக்கு இன்றியமையாத் துணையாயிற்று.

இனி வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். 1940ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் சிறிய, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியொன்றை வேண்டினர். அதிலிருந்து பிறந்த ஜீப், 1945க்குள் 6 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபு தம் போர்த் தலைமையகத்தைக் கண்டியை அடுத்த பேராதனைக்கு மாற்றியபின், மலைநாட்டார்க்குப் படைவண்டிகள் பழகிய காட்சியாயின. போர் முடிந்தது. இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் பொறியியல் தலைவரான மொரிஸ் வில்க்ஸ் ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்துபோனால் அதனிடத்தில் எதனை வைப்பது என்ற கேள்வியிலிருந்து எழுந்ததே லாண்ட் ரோவர். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிப்பட்டது. அக்காலத்தில் உருக்கு பங்கீட்டில் கிடைத்தமையால், வண்டியின் மேற்கூட்டை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தனர். அடிச்சட்டம் உருக்கு. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

தேயிலை மலைகளுக்கென்றே செய்ததுபோல் அவ்வண்டி அமைந்தது. துரைமார் மலை பார்க்கச் சென்றதும், சம்பளப் பணம் வந்ததும், பிள்ளைப்பேற்று வேளையில் தாய்மாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதும் பல தோட்டங்களில் அதிலேதான். நம் நாட்டில் மட்டுமன்று, டார்ஜிலிங் மலைப்புறத்திலும் தேயிலைத் தோட்டத்தார்க்காக வந்த லாண்ட் ரோவர்கள், பிற்காலத்தில் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ முகட்டுக்குப் பயணிகளை ஏற்றிப் பல்லாண்டு உழைத்தன.

அப்பழைய வண்டியின் முன் பம்பர் அழகுக்காக வைத்ததன்று. வண்டியின் நீளத்துக்கு ஓடும் இரண்டு உருக்குச் சட்டங்களின் நுனியில் தடித்த இரும்புப் பட்டையொன்றைக் குறுக்கே வைத்துப் போல்ட்டால் முடுக்கியிருப்பர். ஆதலின் பம்பரைத் தூக்கினால் அடிச்சட்டமே எழும்பும். பின்புறத்திலும் அடிச்சட்டத்தோடு இணைந்த வலிய குறுக்குச் சட்டம் உண்டு. புதிய கார்களில் பம்பர் என்று நாம் காண்பது பிளாஸ்டிக் மூடி. அதில் ஜாக்கி வைத்தால் மூடிதான் கையோடு வரும். எனவே பம்பரில் தூக்கலாமா என்று ஒருவர் கேட்டால், எந்தக் காலத்து வண்டி என்று திருப்பிக் கேட்க வேண்டும். பழைய வண்டியிலும் பம்பரின் நட்டநடுவிற் கொடுத்தால் பட்டை வளையும். வண்டியும் இருபுறம் ஆடும். அடிச்சட்டம் வந்து சேரும் இடத்தை ஒட்டியே நாக்கை வைக்க வேண்டும்.

என் பன்னிரண்டாம் வயதில், ஒரு மழைநாள் மாலை, பாடசாலை விட்டு வருகையில் மாமாவின் லாண்ட் ரோவர் கானில் பின்சக்கரம் புதைந்து நிற்கக் கண்டேன். வண்டி சரிவில் நின்றது. அவர் ஜாக்கியை எடுக்கவில்லை. முதலில் மூன்று சக்கரங்களுக்கும் கல் தேடி அடைத்துக்கொண்டிருந்தார். என் வயதுக்குரிய அறிவோடு, "கைபிரேக் போட்டிருக்கே மாமா, கல் எதுக்கு?" என்றேன். "அது எல்லாச் சக்கரமும் மண்ணில இருக்கிற மட்டுந்தான் தம்பி" என்றார். அதன் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

சாதாரணக் காரில் கைபிரேக் பின்சக்கரங்களை நேரே பிடிக்கிறது. பழைய லாண்ட் ரோவரிலும் போர்க்கால ஜீப்பிலும் அவ்வாறில்லை. கியர்ப்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டை மட்டுமே அது பிடிக்கும். பின்னச்சில் உருண்டையாகத் தொங்கும் பற்சக்கரப் பெட்டியோ, ஒரு சக்கரம் ஒரு திசையிற் சுழல மற்றது எதிர்த்திசையிற் சுழல இடங்கொடுப்பது. வளைவுகளில் வண்டி திரும்புவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒரு பின்சக்கரம் நிலத்தைவிட்டு எழும்பிய அக்கணமே, அது காற்றில் பின்னோக்கிச் சுழல, மண்ணிலுள்ள மற்றச் சக்கரம் முன்னோக்கி உருளலாம். கைபிரேக் பிடித்தபடியே இருக்கும், வண்டி ஓடிவிடும். நான்கு சக்கர இழுவையைப் போட்டு, தாழ்ந்த கியரில் நிறுத்தினால் முன்னச்சும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. முன்சக்கரங்களின் நடுவே பூட்டித் திறக்கும் மூடிகள் உள்ள வண்டியில் அவற்றைப் பூட்ட மறந்தால் அந்தப் பிடிப்பும் இல்லை. ஆதலின் கல்லே உறுதி. நம் ஊர்களில் தேரோட்டம் கண்டோர் முட்டுக்கட்டையை அறிவர். பிறர் முயற்சியைத் தடுப்பவனை நாம் முட்டுக்கட்டை என்று பழிக்கிறோம். சரிவில் இறங்கும் தேரின் முன்னே குனிந்து ஓடி அக்கட்டையை இடுபவனுடைய வேலையைப் பார்த்தவர்கள் அந்தப் பழிப்பைச் சொல்லத் தயங்குவர்.

கல் அடைத்தபின் அவர் பலாப்பலகை ஒன்றை வண்டியிலிருந்து இறக்கினார். ஜாக்கியின் அடித்தட்டு ஒரு கையகலத்துக்குச் சற்றே பெரிது. ஈர மண்ணில் அதை நேரே வைத்தால் வண்டி எழும்பாது. ஜாக்கி மண்ணுக்குள் இறங்கும், அல்லது சாயும். பலகையைக் கிடையாகப் பதித்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி, பின் குறுக்குச் சட்டத்தின் ஓரமாக நாக்கைக் கொடுத்தார். சக்கரம் கழற்ற வேண்டியிருந்தால் நட்டுகளைத் தூக்குமுன்னரே சிறிது தளர்த்திவிட வேண்டும் என்றும், தூக்கியபின் தளர்த்த முயன்றால் அந்த உலுக்கலே வண்டியைத் தள்ளிவிடும் என்றும் சொல்லிக்கொண்டே கைப்பிடியை அடித்தார்.

வண்டி எழுந்தது, சக்கரமோ எழவில்லை. எனக்கு வியப்பாயிருந்தது. பம்பரைத் தூக்கும்போது முதலில் உயர்வது அடிச்சட்டம். அச்சு வில்தகடுகளில் தொங்குகிறது. தகடுகள் முழுவதும் தளர்ந்து நீண்ட பிறகே சக்கரம் மண்ணைவிட்டு வெளிவரும். அதற்குள் வண்டி ஆபத்தான உயரத்துக்குப் போய்விடுகிறது. ஒல்லியான ஒரு கம்பத்தின்மேல், 1200 கிலோவுக்குக் குறையாத வண்டியின் ஒரு மூலை ஆடிக்கொண்டு நிற்கிறது. இதனைக் குறைக்க அவர் அச்சையும் அடிச்சட்டத்தையும் முன்கூட்டியே சங்கிலியால் இறுக்கிக் கட்டுவதுண்டு. அன்று அவ்வாறு செய்யவில்லை. சக்கரத்தின் கீழ் ஒரு கைப்பிடி இடைவெளி தோன்றியதும் நிறுத்திவிட்டு, நீண்ட கழியால் தட்டையான கற்களை உள்ளே தள்ளினார். கையை நுழைக்கவில்லை. வண்டியைக் கற்களின்மேல் இறக்கினார். மீண்டும் தூக்கினார், மீண்டும் கல் இட்டார். நான்காம் முறை சக்கரம் பாதை மட்டத்துக்கு வந்துவிட்டது. "ஜாக்கி தூக்கும் தம்பி, தாங்காது. தாங்குறது கல்லும் கட்டையுந்தான்" என்றார். பயிற்சி நூல்களை நான் பின்னாளிற் பார்த்தபோது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகலாகாது, அடிச்சட்டத்துக்குத் தனித் தாங்கல் கொடுக்க வேண்டும் என்று அவையும் அதையே சொல்லக் கண்டேன். தாங்கல் இல்லாத இடத்தில், கழற்றிய சக்கரத்தையாவது உபரிச் சக்கரத்தையாவது அடிச்சட்டத்தின் கீழே கிடத்திவைப்பது அவர் வழக்கம். வண்டி விழுந்தாலும் அதன்மேல் விழும்.

இத்தனை அறிவும் எங்கிருந்து வந்தது? மகிழ்ச்சியான விடை இல்லை. மாமா அத்தொழிலில் சேர்ந்த புதிதில், வேறொரு தோட்டத்தில், உயரமான ஜாக்கியைக் கொண்டு வண்டியை இறக்கும்போது, கைப்பிடியை முழுவதும் மேலே நிறுத்தாமல் இறக்கு விசையைத் தட்டிவிட்டான் உதவியாளாக இருந்த இளைஞன் ஒருவன். அந்த ஜாக்கியின் கொடிய குணம் அங்கேதான் வெளிப்படும். பாரம் முழுவதும் கைப்பிடிக்கு வந்து, அது சாட்டைபோல் மேலும் கீழும் அடிக்கும். நிறுத்தக் கை நீட்டுவோன் கையை இழப்பான். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அவ்விளைஞனின் தாடை முறிந்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் கட்டுப்போட்டனர். முகத்தின் கோணல் பின்னர் நேராகவில்லை. பம்பரும் அன்று சற்று வளைந்திருந்தது. அந்நாட்குறிப்பில் 'பம்பர் பழுது' என்று மட்டும் எழுதியிருந்ததாக, அத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்த முதியவர் ஒருவர் எனக்குச் சொன்னார். நான் வரலாறு கற்பிப்பவன். ஆவணங்களை நம்பவே பயிற்சி பெற்றவன். அந்தக் குறிப்பைக் கேட்டபின், ஆவணம் ஒன்றை விரிக்கும்போதெல்லாம் அதில் எழுதப்படாத தாடை எங்கே என்று தேடும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து மாமா கைப்பிடியின் பாதையில் தம் முகத்தையோ பிறர் முகத்தையோ இருக்கவிட்டதில்லை. சிறுவரைப் பத்தடிக்கு அப்பால் நிறுத்துவார். ஒவ்வொரு முறையும் கைப்பிடியைக் கம்பத்தோடு நிமிர்த்திவிட்டே விசையைத் தொடுவார். மழையில் துருவும் சேறும் ஏறிய முளைகளுக்கு எண்ணெய் இடாமல் ஜாக்கியைத் தொடமாட்டார்.

துரு என்றதும் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வரவேண்டும். 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன; 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. கைகள் மாறின, வண்டிகள் பல அப்படியே தொடர்ந்து ஓடின. மேற்கூடு அலுமினியமாதலால் முப்பது நாற்பது ஆண்டு ஆனபின்னும் துருவின்றித் தோன்றும். வர்ணம் அடித்துவிட்டால் புதியதென்றே எண்ணுவோம். அடியிலுள்ள உருக்குச் சட்டமோ, வட்டவளை மழையில் உள்ளிருந்தே அரிக்கப்பட்டிருக்கும். முன் நுனிகளும் பின் குறுக்குச் சட்டமும், அதாவது தூக்குவதற்கென நாம் நம்பும் அதே இடங்கள், முதலில் உளுத்துப்போகும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். உளுத்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், சில வேளை ஓட்டையே விழும். மாமா பழைய வண்டியொன்றைப் பொறுப்பேற்றால் முதல் நாள் செய்வது இந்தத் தட்டிப் பார்த்தல்தான். உளுத்திருந்தால் பம்பரை விட்டுவிட்டு, கானின் கரையை மண்வெட்டியால் வெட்டி இடம் செய்து, அச்சின் கீழே போத்தல் ஜாக்கி வைப்பார். ஒரு மணி நேரம் கூடுதலாகும். துரை அவசரப்படுத்தினாலும் அவர் அவசரப்பட்டதில்லை.

1990இல் டிஃபெண்டர் எனப் பெயர்பெற்ற அந்தப் பழைய அமைப்பு வண்டியின் உற்பத்தி 2016ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் நின்றது. 2019இல் அதே பெயரோடு வெளிவந்த புதிய வண்டிக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. பம்பரைப் பிடித்துத் தூக்கும் பேச்சுக்கும் அங்கு இடமில்லை. பழையவை ஹட்டன் பக்கத்துக் கராஜ்களில் ஒன்றிரண்டு இன்னும் கண்ணிற் படுகின்றன. சேகரிப்போர் நல்ல விலை கொடுத்து வாங்கிப் புதுக்குகின்றனர். புதுக்குவோர் பலர் உயரமான ஜாக்கியையும் அழகுக்காகப் பொருத்திக்கொள்கின்றனர். அவர்கள் சேற்றில் இறங்குமுன் பின் குறுக்குச் சட்டத்தை ஒரு முறை தட்டிப் பார்த்தால் நல்லது.

மாமா ஓய்வுபெற்று லயத்தைவிட்டு மகள் வீட்டுக்குப் போனபோது, ஜாக்கி தோட்டத்துச் சொத்து, அதனைக் கந்தோரில் ஒப்படைத்துவிட்டார். பலாப்பலகை அவருடைய சொந்தப் பொருள். அதை எங்கள் தாயாரிடம் கொடுத்துச் சென்றார். எங்கள் வீட்டுப் பீலிக்கரையில் நெடுங்காலம் அதன்மேல்தான் துணி தோய்த்தோம். நடுவே ஜாக்கியின் அடித்தட்டு பதிந்த நீள்சதுரத் தழும்பில் சவர்க்கார நீர் தேங்கி நிற்கும்.